கோப்பைக்கு இந்தப் பக்கம்

கல்முனையிலிருந்தோ நிந்தவூரிலிருந்தோ ஹோட்டல் துறைப் படிப்பில் சேரும் பிள்ளை, கொஞ்ச நாளிலேயே பிரான்ஸின் வரைபடத்துக்கு முன்னால் உட்கார வேண்டிவரும். உணவும் பானமும் பரிமாறுவது அந்தப் படிப்பில் தவிர்க்க முடியாத பாடம். போர்தோ எங்கே இருக்கிறது, பர்கண்டி எங்கே இருக்கிறது, சிவப்பு வைனை எவ்வளவு குளிரில் வைப்பது, வெள்ளை வைன் எந்த உணவோடு சேரும், ஷம்பெயின் போத்தலின் தக்கையைச் சத்தமில்லாமல் எடுப்பது எப்படி என்றெல்லாம் கேட்பார்கள். சின்ன வயதில் பள்ளிவாசல் மத்ரசாவில் குர்ஆன் ஓதி, வீட்டில் மதுவின் வாடையே அறியாமல் வளர்ந்தவர் இத்தனைக்கும் விடை எழுதித் தேறுகிறார். பிறகு வேலை. பொத்துவிலை அடுத்த அறுகம்பையில் அலைச்சறுக்க வரும் வெளிநாட்டவர்களுக்கான விடுதிகள் இருக்கின்றன. அதைவிட்டால் துபாய், தோஹா ஹோட்டல்கள்.

இவர்களுக்குள் எழும் சந்தேகங்கள் மூன்று. குடிப்பது ஹராம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அதைப் பற்றிப் படிக்கலாமா? அதை ஏந்திப்போய் மேசையில் வைக்கலாமா? மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. படிக்கப் படிக்க அந்த அறிவில் ஒரு சுவை தட்டுகிறதே, அந்தச் சுவைக்கு மார்க்கத்தில் இடமுண்டா?

மூன்றாவது கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பிரெஞ்சு வைன் பற்றிய கல்வி வெறும் குடிகாரர் பேச்சாக இருந்தால் ஒதுக்கலாம். அது அப்படி இல்லை.

பர்கண்டியை எடுத்துக்கொள்வோம். டிஜோன் நகரிலிருந்து தெற்கே நீளும் மலைச்சரிவில் திராட்சைத் தோட்டங்கள் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனி எல்லையும் உண்டு. 2015இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுரிமையாக ஏற்றபோது இப்படிப் பெயருள்ள துண்டுகள் 1,247. மிகப் புகழ்பெற்ற ரொமானே கோந்தி முழுவதுமே சுமார் நாலரை ஏக்கர், கல்முனைப் பக்கத்து வயற்காணி ஒன்றின் அளவுதான். அங்கே சிவப்பு வைனுக்கு வளர்ப்பது பெரும்பாலும் பினோ நுவார் என்ற ஒரே வகைத் திராட்சை. ஒரே கொடி, ஒரே வானம். ஆனாலும் சரிவின் மேல்பக்கத்து வைனும் அடிவாரத்து வைனும் வேறுபடுகின்றன. மேலே சுண்ணக்கல் அதிகம், மழைநீர் நிற்காது. கீழே களிமண் ஆழம், ஈரம் தங்கும். 12ஆம் நூற்றாண்டு முதல் சிஸ்டர்சியன் துறவிகள் அங்கே பயிரிட்டு, எந்தத் துண்டில் என்ன விளைகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வந்தார்கள். அந்தக் கவனத்தின் சட்ட வடிவம் 1935இல் வந்தது. எந்த ஊர்ப் பெயரைப் போத்தலில் ஒட்ட வேண்டுமானால் எந்த எல்லைக்குள், எந்த வகைத் திராட்சையை, ஏக்கருக்கு எவ்வளவு விளைவித்திருக்க வேண்டும் என்பதை பிரான்ஸ் அந்த ஆண்டில்தான் நாடு முழுவதற்கும் விதியாக்கத் தொடங்கியது.

சுவை பார்ப்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. கோப்பையை வெள்ளைத் துணிக்கு மேலே சாய்த்து முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். சிவப்பு வைன் வயதாக ஆக, ஓரத்தில் ஊதா மங்கிச் செங்கல் நிறம் ஏறும். பிறகு கோப்பையைச் சுழற்றி முகர்வார்கள். கடைசியில்தான் ஒரு மிடறு, அதையும் வாயில் சுழற்றிவிட்டுப் பெரும்பாலும் துப்பிவிடுவார்கள். ஒரு நாளில் பல டசின் வைன்களை மதிப்பிடுகிறவர் விழுங்கினால் மதி தங்காது. தொழில்முறைச் சுவைஞர் தன் புத்தியைக் காப்பாற்றிக்கொள்ளத் துப்புகிறார் என்பது, இந்த விவாதத்தில் நினைவில் வைக்க வேண்டிய ஒரு செய்தி.

முகர்வதற்கென்றே ஒரு பாடப்பெட்டியும் உண்டு. பர்கண்டியைச் சேர்ந்த ழான் லெனுவார் 1981இல் வெளியிட்டது அது. 54 சின்னக் குப்பிகள். எலுமிச்சை, வனிலா, தோல், கோப்பி என்று ஒவ்வொன்றிலும் ஒரு வாசனை. மூடியைத் திறந்து, முகர்ந்து, பெயர் சொல்லிப் பழகவேண்டும். வனிலா வாசனை திராட்சையிலிருந்து வருவதில்லை; வைன் ஊறிக் கிடந்த ஓக் மரப் பீப்பாய் தந்தது. ஒரு வாசனையின் வேரை இவ்வளவு தூரம் தேடிப்போகும் படிப்பில் அறிவுள்ள பிள்ளைக்கு ஆர்வம் பிறப்பது இயல்பு.

மார்க்கத்தின் பக்கம் வருவோம். மது விஷயத்தில் குர்ஆன் ஒரே நாளில் ஒரே கட்டளையாக இறங்கவில்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 67ஆம் வசனம், பேரீச்சையிலிருந்தும் திராட்சையிலிருந்தும் மனிதர் போதைப் பொருளையும் நல்ல உணவையும் எடுத்துக்கொள்வதைப் பேசுகிறது. இரண்டையும் அது தனித்தனியே சொல்லியிருப்பதை விரிவுரையாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அல்பகராவின் 219ஆம் வசனம் அடுத்த படி. மதுவிலும் சூதிலும் பெரும் பாவம் இருக்கிறது, மனிதருக்குச் சில பயன்களும் இருக்கின்றன, ஆனால் பயனைவிடப் பாவம் பெரிது என்பது அதன் கருத்து. பிறகு, போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்ற அந்நிஸா வசனம். கடைசியாக அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் முற்றாக விலகச் சொல்லி, காரணத்தையும் சொல்கின்றன: மனிதருக்குள் பகையும் வெறுப்பும் மூளும், இறைநினைவும் தொழுகையும் தடைப்படும்.

இரண்டாவது படியை அவசரமாகத் தாண்டிப் போகக்கூடாது. தடை வரப்போகும் பொருளிலும் பயன் இருப்பதை வேதம் மறைக்கவில்லை. மதுவை விலக்குகிறவர் அதில் ஒரு நயமும் இல்லை என்று சாதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றின் நயத்தை அறிந்தபடியே அதைவிடப் பெரியதற்காக அதை விடுவது, நயமே தெரியாமல் விடுவதைவிடத் தாழ்ந்தது ஆகிவிடாது.

கடைசித் தடை மதீனாவுக்கு எட்டிய நாளை அனஸ் இப்னு மாலிக் (றழி) விவரித்த ஹதீஸ் புஹாரியில் பதிவாகியிருக்கிறது. அபூ தல்ஹாவின் வீட்டில் கூடியிருந்தவர்களுக்கு அனஸ் மது ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வெளியே அறிவிப்புக் கேட்டது. அபூ தல்ஹா அனஸிடம் அதைக் கொட்டிவிடச் சொன்னார். மதீனாத் தெருக்களில் மது ஓடியது. அன்று கொட்டப்பட்டது திராட்சை மது அல்ல, பேரீச்சங்காயில் ஊறவைத்த மது. பிற்காலச் சட்ட விவாதத்தில் இந்த விவரத்துக்குப் பெரிய இடம் கிடைத்தது. கடுமையான தடை திராட்சைச் சாற்று மதுவுக்கு மட்டுமா, போதை தரும் எல்லாவற்றுக்குமா என்று கேட்டபோது, ஆரம்பகால ஹனபி அறிஞர்கள் இரண்டுக்கும் இடையே வேறுபாடு பார்த்தார்கள். இமாம் ஷாபிஈ உட்படப் பெரும்பாலானோர், போதை தரும் எதுவும் மதுவே, கூடுதலாகக் குடித்தால் போதை தருவதில் ஒரு சொட்டும் கூடாது என்ற ஹதீஸ்களின் வழி நின்றார்கள். பிற்கால ஹனபி தீர்ப்புகளும் இமாம் முஹம்மத் ஷைபானியைப் பின்பற்றி அந்தப் பக்கமே வந்தன. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பான்மையினர் ஷாபிஈ மத்ஹபினர். ஆகவே அம்பாறைக் கரையில் பர்கண்டி வைனுக்கும் தென்னங்கள்ளுக்கும் சட்டம் ஒன்றுதான்.

தென்னங்கள்ளு என்றதும் நினைவுக்கு வரவேண்டியது முட்டியும் சுண்ணாம்பும். பாளையைச் சீவிக் கட்டிய முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர், குழந்தைக்கும் கொடுக்கலாம். தடவாவிட்டால், காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே சர்க்கரையை மதுசாரமாக்கத் தொடங்கிவிடும். ஒரே மரம், ஒரே பாளை. இடையில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்காக உலர்திராட்சையை நீரில் ஊறவைத்து, மூன்றாம் நாள் மாலைவரை அருந்திவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடச் செய்த செய்தி முஸ்லிமில் இருக்கிறது. ஹலால் பொருள் ஒன்றுக்குக் காலம் எல்லை வகுத்தது. அந்த எல்லையை அறிய, ஊறுதல் எப்படி நடக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். மதுவைப் பற்றிய அறிவு இல்லாமல் மதுவை விலக்கும் சட்டமே நடைமுறைக்கு வராது.

இதற்கு இன்னும் நல்ல சான்று கல்முனைக் கல்யாணச் சாப்பாட்டிலேயே இருக்கிறது. சஹன் என்ற பெருந்தட்டைச் சுற்றி உட்கார்ந்து புரியாணி உண்ணும்போது பக்கத்தில் வரும் அச்சாறுக்குப் புளிப்புத் தருவது வினாகிரி. செயற்கை வினாகிரி கடைகளில் இருந்தாலும், இலங்கையின் மரபுவழி வினாகிரி தென்னங்கள்ளைப் பீப்பாயில் புளிக்கவிட்டுச் செய்வது. பாளைச்சாறு ஹலால், அது கள்ளான கட்டத்தில் ஹராம், ஷாபிஈ தீர்ப்பின்படி நஜிஸும் (அசுத்தமும்)கூட, தானாகவே வினாகிரியானால் மறுபடி ஹலால். ஷாபிஈ நூல்கள் இந்த மாற்றத்தை மிக நுணுக்கமாக அலசுகின்றன. தானே மாறினால் சுத்தம். வெளியிலிருந்து எதையாவது போட்டு மாற்றினால் சுத்தம் இல்லை. வெயிலிலிருந்து நிழலுக்கோ நிழலிலிருந்து வெயிலுக்கோ நகர்த்தியதால் மாறினால் வலுவான கருத்தின்படி சுத்தம். ஹனபி அறிஞர்கள் மனிதர் முயன்று மாற்றுவதையும் அனுமதித்தார்கள். அநாதைகளுக்கு வாரிசாக வந்த மதுவை வினாகிரியாக்கலாமா என்று அபூ தல்ஹா கேட்டபோது நபியவர்கள் மறுத்த ஹதீஸ், ஷாபிஈகளின் ஆதாரங்களில் ஒன்று. அதே நபியவர்கள் வினாகிரியை நல்ல தொடுகறி என்று புகழ்ந்ததும் ஹதீஸில் இருக்கிறது.

இந்த இமாம்கள் எழுதிப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு பிரான்ஸில் லூயி பாஸ்டர் அதே பீப்பாயின் முன்னால் நின்றார். வைன் கெட்டுப்போவதால் நாட்டின் வணிகம் அடிவாங்கியது. 1863இல் மூன்றாம் நெப்போலியன் காரணம் தேடித்தரும்படி அவரிடம் கேட்டார். பாஸ்டர் வளர்ந்த அர்புவா ஊரே திராட்சை ஊர்தான். நுண்ணுயிர்கள்தாம் மதுவை ஆக்குகின்றன, வேறு நுண்ணுயிர்கள் அதை வினாகிரியாக்குகின்றன என்று காட்டினார். 1866இல் வைன் பற்றியும் 1868இல் வினாகிரி பற்றியும் நூல்கள் வெளியிட்டார். கெடாமல் காக்க வைனை மிதமாகச் சூடாக்கும் முறையைச் சொன்னார். இன்று பாலுக்குச் செய்யும் பாஸ்டர்முறைச் சூடாக்கலுக்கு வேர் அதுதான். கல்முனைக் குழந்தை குடிக்கும் பால் பக்கற்றுக்குப் பின்னால் பிரெஞ்சு வைன் பற்றிய ஓர் ஆராய்ச்சி நிற்கிறது.  அந்த அறிவைத் தடுக்க வேண்டிய தேவை இல்லை.

ஆகவே முதல் கேள்விக்கு விடை தெளிவு. ஹுதைபா (றழி) நபியவர்களிடம் தீமைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்ததாகவும், தன்னை அவை பிடித்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில் அப்படிக் கேட்டதாகவும் ஹதீஸ் சொல்கிறது. விலக்கப்பட்டதை அறிவது விலக்கப்பட்டதல்ல.

இரண்டாவது கேள்வி கனமானது. பிழிபவர், பிழியச் சொல்பவர், குடிப்பவர், சுமப்பவர், யாரிடம் சுமந்துபோய்ச் சேர்க்கப்படுகிறதோ அவர், ஊற்றிக்கொடுப்பவர், விற்பவர், விலையை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர் என்று மதுவோடு தொடர்புள்ள பத்துப் பேரைச் சபித்த ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. முஸ்லிமல்லாதவருக்காக மதுவைச் சுமக்கும் கூலியை இமாம் அபூ ஹனீபா அனுமதித்தார். அவருடைய முதன்மை மாணவர்கள் இருவரும் அதை வெறுத்தார்கள். ஷாபிஈ வழியில் அந்த இடைவெளியும் இல்லை. அறுகம்பையில் தட்டு ஏந்தும் இளைஞரை இந்தச் சட்டம் நேராகத் தொடுகிறது. அவர் சம்பளத்தில் வீட்டில் உலை கொதிக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவது இலகு. அவருக்கு வேறு வேலைக்கு வழி காட்டுவதுதான் ஊரின் கடமை.

இந்த நெருக்கடியை ஒரு நாடே அனுபவித்திருக்கிறது. 1830இல் பிரான்ஸ் அல்ஜீரியாவைப் பிடித்தது. பின்னால் பிலொக்சரா என்ற பூச்சி பிரான்ஸின் கொடிகளின் வேரைத் தின்று அழித்தபோது, குடியேறிகள் அல்ஜீரியாவின் சமவெளிகளைத் திராட்சையால் நிரப்பினார்கள். 1930களில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி ஹெக்டோலிட்டர் வைன் அங்கே உற்பத்தியானது. உலகிலேயே அதிகம் வைன் ஏற்றுமதி செய்த இடம் குடிப்பது ஹராமான மக்களின் மண். பெரும்பகுதி பிரெஞ்சு வைனோடு கலக்கப்பட்டது. பிழிந்த கைகள் முஸ்லிம் கூலிகளின் கைகள். 1962இல் விடுதலை கிடைத்தபோது அந்தக் கொடிகள் புதிய அரசின் தலையில் விழுந்தன. பிரான்ஸ் வாங்குவதைக் குறைத்தது. சோவியத் ஒன்றியம் குறைந்த விலைக்கு வாங்கியது. 1970களில் பெருமளவு கொடிகளைப் பிடுங்கிவிட்டுத் தானியம் விதைக்கத் தொடங்கினார்கள். வாழ்வாதாரத்தை மார்க்கத்தோடு இணக்கமாக்க ஒரு நாட்டுக்கே பத்தாண்டுகளுக்கு மேல் எடுத்தது. தனி இளைஞர் ஒருவரிடம் ஒரே நாளில் எல்லாம் மாறவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பிரெஞ்சு ஆட்சி தமிழ் முஸ்லிம்களுக்கும் அந்நியமல்ல. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேற்றுவது நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவில். அந்த நாகூருக்குச் சற்று வடக்கே இருக்கும் காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற காரைக்கால் முஸ்லிம் குடும்பங்கள் இன்று பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றன. பிரெஞ்சு மொழி, பிரெஞ்சுச் சட்டம், பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, கோப்பையை மட்டும் ஏற்காமல் தலைமுறைகளாக வாழ முடியும் என்பதற்கு அவர்களில் எத்தனையோ குடும்பங்கள் சான்று.

இப்போது மூன்றாவது கேள்வி. அறிவதில் வரும் இன்பம்.

அருந்தாமல் அறிய முடியுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (றஹ்) தம் வாழ்க்கைத் தேடலை எழுதிய 'அல்முன்கித் மினழ் ழலால்' நூலில் இதே உதாரணத்தைக் கையாள்கிறார். போதை என்றால் என்ன என்பதற்குத் தெளிவோடு இருப்பவர் இலக்கணம் சொல்வார். ஆனால் அவர் போதையில் இல்லை. போதையில் இருப்பவருக்கோ அந்த இலக்கணம் தெரியாது. இரண்டும் வெவ்வேறு அறிவு என்கிறார் இமாம். அவர் சொல்ல வந்தது மதுவைப் பற்றி அல்ல. இறைநெருக்கத்தை நூலில் படிப்பதற்கும் அதில் வாழ்வதற்கும் உள்ள தூரத்தைப் பற்றி. நூலறிவு போதாது, அனுபவம் வேண்டும் என்று கண்டபிறகு அவர் பக்தாதின் பேராசிரியர் பதவியையே விட்டுப் போனார்.

இதை வைன் படிப்புக்குப் பொருத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். அருந்தாதவர் பெறும் அறிவு தெளிவோடு இருப்பவரின் அறிவு. அது குறைபட்டது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் சுவைஞரின் அறிவும் நினைப்பது போல நாக்கில் மட்டும் இல்லை. 2001இல் போர்தோவில் பிரெடெரிக் புரோஷே முதலானோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து, வைன் துறை மாணவர்கள் 54 பேருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு வைனுக்கே உரிய சொற்களால் அதன் மணத்தை வருணித்தார்கள். கண் கண்டதை மூக்கு நம்பியது. சுவை என்று பேசப்படுவதில் எதிர்பார்ப்பும் பெயரும் கதையும் கலந்திருக்கின்றன.

மறுபக்கமும் உண்டு. தத்துவஞானி டேவிட் ஹியூம் 1757இல் எழுதிய ரசனை பற்றிய கட்டுரையில், டான் குவிக்ஸோட் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். சாஞ்சோவின் உறவினர் இருவர் ஒரு பீப்பாய் வைனைச் சுவைத்தார்கள். நல்லதுதான், கொஞ்சம் தோல் வாடை என்றார் ஒருவர். நல்லதுதான், கொஞ்சம் இரும்பு வாடை என்றார் மற்றவர். ஊரே சிரித்தது. பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் தோல்வார் கோத்த பழைய சாவி ஒன்று கிடந்தது. ரசனை வெறும் கற்பனை அல்ல, உலகில் உள்ள ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்கும் திறன் என்பது ஹியூமின் வாதம். இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால், வைன் படிப்பில் பெருமைக்குரியது கவனம்தான். சரிவின் மேலே எது, கீழே எது, பீப்பாய் தந்தது எது, மண் தந்தது எது என்று பிரித்தறியும் கவனம். அந்தக் கவனத்தில் வரும் இன்பம் புத்தியின் இன்பம். மதுவை மார்க்கம் தடுத்ததும் இதே புத்தியைக் காக்கத்தான். மார்க்கம், உயிர், புத்தி, வம்சம், பொருள் என்ற ஐந்தையும் காப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என்று கஸ்ஸாலி 'அல்முஸ்தஸ்பா'வில் வகுத்தபோது, மதுத்தடையைப் புத்தியின் கீழ்தான் வைத்தார்.

சொர்க்கத்து மதுவைப் பற்றிய வசனங்களும் இந்த இடத்தில் பொருள் தருகின்றன. முஹம்மத் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் அருந்துவோருக்கு இன்பம் தரும் மது ஆறுகளைச் சொல்கிறது. அஸ்ஸாப்பாத் 47, அந்த மதுவால் கேடும் இல்லை, புத்தி மயங்கலும் இல்லை என்கிறது. அல்முதப்பிபீன் அத்தியாயம் கஸ்தூரி முத்திரையிட்ட பானத்தைப் பேசுகிறது. மதுவின் சுவை வாக்களிக்கப்பட்டிருக்கிறது, நீக்கப்பட்டிருப்பது மயக்கம். கெய்ரோவின் சூபிக் கவிஞர் இப்னுல் பாரிழ் (மறைவு 1235) மதுவைப் பாடியபோதும், பிற்கால உரையாசிரியர்கள் அதைக் கொடியில் விளையாத மதுவாக, இறைநேசமாக வாசித்தார்கள். தமிழ் வாசகருக்கு கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை வழியாக வந்த உமர் கய்யாம் வேறு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் படிக்க, மது என்றால் என்னவென்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு எல்லையையும் சொல்ல வேண்டும். அதைக் கீறித் தருபவரும் கஸ்ஸாலியே. அவருடைய 'இஹ்யா' நூலில் ஓர் உதாரணம் வருகிறது. சிலர் கூடி, சபையை அலங்கரித்து, மதுக்கிண்ணங்களைக் கொண்டுவந்து, அவற்றில் தேனும் வினாகிரியும் கலந்த சிகன்ஜபீன் என்ற பானத்தை ஊற்றுகிறார்கள். ஊற்றிக்கொடுக்க ஒருவர், வாங்கிக் குடிக்கும்போது குடிகாரர் சொல்லும் அதே வார்த்தைகள். பானம் ஹலால், ஆனால் அந்தச் செயல் கூடாது என்கிறார் இமாம். பாவத்தை நடித்துப் பார்ப்பது பாவிகளின் வழக்கத்தை ஒத்திருக்கிறது என்பது அவர் சொல்லும் காரணம். இன்றைய கல்யாண மேசைக்கே எழுதியது போல இருக்கிறது. ஷம்பெயின் வடிவப் போத்தலில் நுரைக்கும் பழச்சாறு, நீண்ட கண்ணாடிக் கிண்ணம், கிண்ணத்தோடு கிண்ணம் இடித்துப் புகைப்படம். மதுசாரம் நீக்கிய வைன் என்று பிரான்ஸிலிருந்தே வரும் போத்தல்கள் இன்னும் சிக்கலானவை. அவை முதலில் வைனாகவே ஆக்கப்பட்டுப் பிறகு மதுசாரம் இறக்கப்பட்டவை. பல நாடுகளில் 0.5 சதவீதம்வரை மிஞ்சுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. வினாகிரியில் நடந்த இயல்பான மாற்றம் இங்கே நடக்கவில்லை. ஷாபிஈ மத்ஹபுக்காரர் இதில் ஒதுங்கிக்கொள்வதே பேணுதல்.

கல்விக்கும் நடிப்புக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் மூன்றாவது கேள்விக்கு விடை. பர்கண்டியின் மண்ணைப் படித்து வியக்கலாம். பாஸ்டரைப் படித்து நன்றி சொல்லலாம். குப்பியைத் திறந்து வனிலாவையும் எலுமிச்சையையும் மூக்குக்குப் பழக்கலாம். அந்த இன்பம், தான் குடிக்க முடியாத கோப்பையை மனத்துக்குள் குடித்துப் பார்க்கும் ஏக்கமாகத் திரும்பும் இடத்தில் நின்றுவிட வேண்டும். அந்த இடம் எது என்று வெளியாள் சொல்ல முடியாது. படிப்பவரின் உள்ளத்துக்குத் தெரியும்.

பர்கண்டி கற்றுத்தரும் கவனத்தைச் செலவிட ஹலாலான பொருள் அம்பாறைக்கு மேற்கே மலையில் விளைகிறது. ஜூலை முதல் செப்டெம்பர்வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறும் காலம். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவைக் கடக்கிறது. இலை நீரிழந்து நறுமணப் பொருள்களைச் சேர்த்துக்கொள்கிறது. அதே காற்றுத்தான் கீழே இறங்கிக் கல்முனையில் உடலை எரிக்கும் கச்சான். பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கில் மிஸ்ட்ரல் காற்றுத் திராட்சைக் கொடியை உலர்த்துவதைப் பாடமாகப் படிக்கும் பிள்ளை, கச்சானும் ஊவாத் தேயிலையும் ஒரே கதை என்பதை எந்தப் பாடநூலிலும் எளிதில் காணமாட்டார். கொழும்பில் 1883இல் தொடங்கிய தேயிலை ஏலத்தின் சுவைஞர்களும் உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பித்தான் மதிப்பிடுகிறார்கள். இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. பர்கண்டியின் பெயரைக் காக்கும் சட்டத்தின் அதே சிந்தனை அது. அம்பாறையின் எருமைத் தயிருக்கும் காட்டுத் தேனுக்கும் அப்படிப் பெயர் தேடித்தர, வைன் சட்டத்தை நன்றாகப் படித்தவர்கள் வேண்டும்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடமும் முகாமைத்துவ வர்த்தக பீடமும் இருக்கின்றன. ஹோட்டல் துறைக்குப் போகும் இளைஞருக்கு எதைப் படிக்கலாம், எதை ஏந்தக் கூடாது, வரவேற்பு, சமையல், தேயிலைப் பரிமாறல் என்று எந்தெந்தப் பிரிவில் வேலை தேடலாம், தொழில் தருபவரிடம் இதை எப்படி மரியாதையாகக் கேட்கலாம் என்பதை விளக்கும் தமிழ்க் கைநூல் ஒன்றை இரண்டு பீடங்களும் சேர்ந்து ஆக்க முடியும். அறுகம்பை விடுதிக்காரர்களையும் வளைகுடாவில் வேலைசெய்து திரும்பியவர்களையும் கூட்டிவைத்துக் கேட்டால் அதற்கு வேண்டிய அனுபவம் கிடைக்கும். அடுத்த சுற்றுலாப் பருவம் தொடங்கும் முன் அந்த வேலையை ஆரம்பிக்கலாம்.